மூன்றாம் நம்பர் பார்க்கிங்கில் ஒரு லேத்

ஜெயசீலிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. காது மடல் மட்டும் சிவக்கும். கூரியர்காரர் வந்து நின்று, "சார் இல்லீங்களா? மெஷின் பார்ட்ஸ் வந்திருக்கு" என்று கேட்கும்போதெல்லாம் அது சிவந்தது.

"சார் தாம்பரம் ஸ்டேஷன்ல டிக்கெட் குடுத்துட்டிருக்காரு. பார்ட்ஸ் எனக்கு."

"சார் கையெழுத்துப் போடணுமே."

"பேரைப் படிச்சுப் பாருங்க. சார் பேரா போட்டிருக்கு?"

கூரியர்காரர் படித்துப் பார்ப்பார். ஜெயசீலி என்றுதான் இருக்கும். அப்போதும் அவர் கண்கள் அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் சாரைத் தேடிவிட்டுத்தான் திரும்பும்.

மெஷின் அவளுடையதுதான். மாடம்பாக்கத்தில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், மூன்றாம் நம்பர் கார் பார்க்கிங்கில் அது இருந்தது. தையல் மெஷினைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு சின்ன லேத், உலோகத் துண்டைச் சுழற்றிக் கடைகிற மெஷின். கிண்டியில் மூடப்போன ஒரு பட்டறையிலிருந்து வாங்கியது. அதன் கைப்பிடிகளைக் கழற்றி, அந்த இடத்தில் கம்ப்யூட்டர் சொன்னால் சொன்ன அளவுக்கு மட்டும் திரும்பும் மோட்டார்களை மாட்டியிருந்தாள். ரிச்சி தெருவில் சனிக்கிழமை சனிக்கிழமையாக அலைந்து சேர்த்த சாமான்கள். கம்ப்யூட்டர் பழைய பென்டியம். அதன் மானிட்டர் விழித்துக்கொள்வதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். எல்லாவற்றையும் சுற்றி ஒரு கம்பிவலைக் கூண்டு, அதற்குப் பூட்டு. அவர்களிடம் கார் இல்லை. அவளுடைய ஸ்கூட்டியும் கணவர் வில்பிரட்டின் சைக்கிளும் கூண்டை ஒட்டி ஒடுங்கி நின்றன.

எதற்காக ஒரு பெண்ணுக்கு லேத் என்று கேட்டவர்கள் அநேகம். அவள் பதில் சொல்வதில்லை. பதில் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் அவள் வேலை பார்த்த கல்லூரியில் இருந்தது. அங்கே எலக்ட்ரானிக்ஸ் லேபில் அவள் இன்ஸ்ட்ரக்டர். பக்கத்துக் கட்டிடம் ஒர்க்‌ஷாப். அங்கே வரிசையாக லேத்துகள். ஒருநாள் மதியம் போய், ஒரு துண்டு கடைந்து பார்க்கிறேனே என்று கேட்டாள்.

"சேலை மாட்டிக்கும் மேடம்" என்றார் ஒர்க்‌ஷாப் சூப்பரின்டெண்டென்ட்.

மறுநாள் சுடிதாரில் போனாள். "துப்பட்டா மாட்டிக்கும் மேடம்."

அதற்கடுத்த நாள் துப்பட்டாவைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கூந்தலைக் கொண்டையாக இறுக்கி, காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு போனாள். அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பசங்க இருக்கிற இடம். டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கில்ல."

மாட்டிக்கொள்வதற்கு அவரிடம் எப்போதும் ஏதாவது ஒன்று மிச்சமிருந்தது. அன்றைக்கு மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பியவள், வண்டலூர் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள். வில்பிரட்டிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, "கரண்ட் அடிக்காதே?" என்று மட்டும் கேட்டார். பல்பு மாற்றவே அவளைக் கூப்பிடுகிற மனிதர் அவர்.

*

உருளையைக் கடைந்து மெலிதாக்குவது, முனையைச் சாய்வாக்குவது, துளை போடுவது எல்லாம் மெஷினுக்குப் படிந்துவிட்டது. பாக்கி இருந்தது மரை வெட்டுவது. அதுதான் கஷ்டம்.

போல்ட்டில் சுற்றிச் சுற்றி ஏறுகிற மரை ஒரே இழுப்பில் வெட்டப்படுவதில்லை. கத்தி முதலில் மேலோட்டமாக ஒரு கோடு கிழிக்கும். பிறகு பின்வாங்கி, ஆரம்பத்துக்கு வந்து, அதே கோட்டில் கொஞ்சம் ஆழமாக இன்னொரு தடவை போகும். இப்படித் திரும்பத் திரும்ப. அதற்குள் பித்தளைத் துண்டு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் துண்டு சரியாக அதே முகத்தைக் காட்டும்போதுதான் கத்தி புறப்பட வேண்டும். ஒரு மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் பழைய பள்ளத்தில் விழாமல் மேட்டில் ஏறி எல்லாவற்றையும் சிராய்த்துவிடும்.

கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. துண்டு எந்த முகத்தைக் காட்டுகிறது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதற்காக ஜெயசீலி, துண்டைச் சுழற்றும் தண்டின் பின்முனையில் ஒரு தகட்டு வட்டத்தை மாட்டினாள். வட்டம் முழுக்கக் கரும்பலகைக் கறுப்பு. அதில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. எதிரே கொண்டைக்கடலை அளவில் ஒரு சென்சார். வெள்ளையைப் பார்த்ததும் அது ஒரு தடவை சிமிட்டும். ஒரு சிமிட்டல், ஒரு சுற்று. கம்ப்யூட்டர் அறிந்த உலகம் அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அதை மாட்டிச் சோதித்தாள். திரையில் வேகம் ஆடாமல் அசையாமல் நின்றது. வட்டத்துக்கு மேல் பாதுகாப்பு மூடி போடுவது மட்டும் பாக்கி.

ஆயுத பூஜையன்று கட்டிடத்தில் வழக்கம்போல ஒரு தாம்பாளத்தில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு எல்லா வண்டிகளுக்கும் பொட்டு வைத்தார்கள். முன்னால் பூசணிக்காயோடு நின்றவர் அசோசியேஷன் செக்ரட்டரி வேதாசலம். கூண்டுப் பக்கம் வந்ததும், "வில்பிரட் சார், நீங்க கிறிஸ்டியன்ஸ்... மெஷினுக்கும் வைக்கலாமா?" என்று கேட்டார். வில்பிரட் சாவியைத் தேடி எடுத்து, "தாராளமா வைங்க சார்" என்று கூண்டைத் திறந்துவிட்டார்.

கல்லூரி லேபில் பூஜை முடிந்து வந்த ஜெயசீலி, மெஷினின் நெற்றியிலும் மோட்டாரிலும் கம்ப்யூட்டர் தலையிலும் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டுகள் இருப்பதைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கார்களோடு ஒன்றாக அதையும் மதித்திருக்கிறார்களே. துடைக்க மனம் வரவில்லை, துடைத்தால் நன்றாகவும் இருக்காது. அன்று சாயங்காலமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரமாகப் பின்பக்கம் கையைவிட்டுத் தடவி, பாதுகாப்பு மூடியைத் திருகி, மேலே தார்ப்பாய் போர்த்திவிட்டு மேலே போய்விட்டாள்.

அந்த ஐப்பசி மழை லேசில் விடவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ரோட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். மெஷின் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. பொட்டு வைத்த அதே கையால் வேதாசலம் நோட்டீஸ் ஒட்டினார்: கார் பார்க்கிங்கில் தொழிற்சாலை நடத்துவது விதிகளுக்குப் புறம்பானது, மூன்றாம் நம்பர் இடத்தைக் காலி செய்யவும்.

இரண்டாம் மாடி ஜீவானந்தம் இரண்டாவது கார் வாங்கியிருந்தார் என்பது நோட்டீஸில் இல்லை.

*

தரையடித் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நின்றது மழைக்காலத்தில்தான். சுற்றிலும் தண்ணீர், குழாயில் மட்டும் இல்லை. பம்ப்பை ஓட்டுமுன் அதன் தலையிலுள்ள வாயில் தண்ணீர் ஊற்றி, பித்தளை மூடியைத் திருகி மூட வேண்டும். அந்த மூடியின் மரை தேய்ந்து, காற்று உறிஞ்சியது. மெக்கானிக் ரங்கன் கடையிலிருந்து மூடி மூடியாக வாங்கி வந்து போட்டுப் பார்த்தார். எல்லாம் தொளதொளவென்று ஆடின.

"எவனோ முன்னாடியே இத்த பெருசா குடைஞ்சு வச்சிக்கீறான் சார். கடை மூடி நிக்காது. டேப்பு சுத்தினேன், எம்சீல் வச்சேன், பிச்சிக்கினு பூடுது. பேஜாரு. பேசாம புது பம்ப்பு போட்ருங்க."

அன்று மாலை எல்லோரும் பார்க்கிங்கில் கூடினார்கள். பேச்சு பம்ப்பில் தொடங்கி எப்படியோ லேத்தில் வந்து நின்றது. ஜீவானந்தம்தான் கொண்டுவந்தார்.

"தண்ணி ஏத்த ஒரு மெஷின் இல்லை. இவங்க மெஷின் மட்டும் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதால இந்த பில்டிங்குக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்க."

"பத்திரத்துல அது எங்க இடம்" என்றாள் ஜெயசீலி.

"கார் பார்க்கிங்னுதாம்மா போட்டிருக்கு" என்றார் வேதாசலம். "லேத் பார்க்கிங்னு போடலியே."

சிலர் சிரித்தார்கள். ஜெயசீலி சுற்றிலும் பார்த்தாள். ஐந்தாம் நம்பரில் ஓர் உடைந்த வாஷிங் மெஷின். எட்டில் சிமென்ட் மூட்டைகள் கல்லாகிக் கிடந்தன. பத்தில் கால் போன ஒரு கட்டில். யாருக்கும் நோட்டீஸ் இல்லை.

"மிக்ஸி போடற சத்தம்கூட வராது சார் அதுல. அதுவும் பகல்லதான் ஓட்டறேன்."

"வீட்ல லேடீஸ் இருக்காங்கன்னு வில்பிரட் சாருக்காகத்தான் இவ்வளவு நாள் பேசாம இருந்தோம். மரை கழண்ட வேலைக்கெல்லாம் பார்க்கிங்கைக் கொடுக்க முடியுமா?" என்றார் ஜீவானந்தம்.

காது மடல் கொதித்தது. அந்தக் கணத்தில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

"அந்த மூடியை நான் செய்யறேன். பொருந்தலைன்னா மெஷினை எடுத்துடறேன்."

வில்பிரட் அவள் முழங்கையைத் தொட்டார். அதற்குள் வேதாசலம், "ஞாயித்துக்கிழமை. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்று எழுந்துவிட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வராததுமாகக் கூண்டைத் திறந்தாள். லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்திருந்தவர்கள் அப்படியே கூண்டைச் சுற்றி நின்றார்கள். வேதாசலம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜீவானந்தம் தன் புது காரின்மேல் சாய்ந்திருந்தார்.

பம்ப்பின் வாயை முந்தின நாளே அளந்துவிட்டாள். மரையின் இடைவெளி கடையில் கிடைப்பதுதான், வாய்தான் ஒரு பொட்டு பெரிது. அந்த அளவுக்குத் தடிமனாக ஒரு மூடி கடைந்தால் போதும். கையில் மூன்று மூடிக்குத் தேவையான பித்தளை இருந்தது.

முதல் துண்டு பளபளவென்று உருண்டது. மரை வெட்டத் தொடங்கினாள். முதல் கோடு அழகாக விழுந்தது. இரண்டாவது தடவை கத்தி அந்தக் கோட்டில் போகவில்லை, பக்கத்து மேட்டில் ஏறியது. மூன்றாவது பழைய கோட்டில் விழுந்தது. நான்காவது மறுபடி மேடு. கடைசியில் கிடைத்தது எலி கொறித்த மாதிரி ஒரு துண்டு.

"இது எந்த பம்ப்புக்கு மேடம்?" என்றார் ஜீவானந்தம்.

திரையில் வேகத்தின் எண்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மழைக்கால வோல்டேஜ் என்று நினைத்தாள். ஸ்டெபிலைசரைப் பார்த்தாள், சரியாக இருந்தது. தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டின் சிமிட்டல் சென்சாரைக் குழப்புகிறதோ என்று அதை அணைத்தாள். ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து தள்ளிக் கட்டினாள். இரண்டாவது துண்டை மாட்டினாள். அதுவும் கொறிபட்டு வந்தது.

"போதும்மா" என்றார் வேதாசலம், ரொம்பக் கருணையாக. "வில்பிரட் சாரை வேணா ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன்."

அவள் திரும்பவில்லை. மெஷினின் கரண்டை அணைத்து, சென்சாரை மட்டும் உயிரோடு வைத்து, தண்டைக் கையால் மெள்ளத் திருப்பினாள். சென்சாரின் பின்னால் இருந்த சிவப்புப் புள்ளி ஒரு தடவை எரிந்தது. அது வெள்ளைக் கோடு. இன்னும் திருப்பினாள். இனி ஒரு முழுச் சுற்றுக்கு எரியக்கூடாது. பாதியில் எரிந்தது.

ஒரு சுற்றுக்கு இரண்டு. எது உண்மையான ஆரம்பம் என்று தெரியாமல் கத்தி ஒரு தடவை இதை நம்பியும் ஒரு தடவை அதை நம்பியும் புறப்பட்டிருக்கிறது.

வட்டத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாள். சுவரைப் பார்த்த முகத்தில், கறுப்பு வட்டத்தின் ஓரத்தில், வெளிறிக் காய்ந்து ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் துளிக் குங்குமம்.

அவள் துணியை நனைத்தாள்.

"சாமிப் பொட்டை எதுக்குத் துடைக்கறீங்க?" என்றார் ஜீவானந்தம். குரலில் இவ்வளவு நேரம் இல்லாத ஒன்று இருந்தது.

"இதனாலதான் மரை கெடுது."

"சாமிப் பொட்டால கெட்டுச்சுங்கறீங்க."

ஜெயசீலியின் கை அந்தரத்தில் நின்றது. மெஷின் கெட்டதற்கு அவளைச் சொன்னார்கள், பொறுத்துக்கொண்டாள். இடத்துக்காகச் சொன்னார்கள், பொறுத்துக்கொண்டாள். இப்போது அவள் கையில் துணி இருக்கிறது, எதிரே ஒரு பொட்டு இருக்கிறது, அவள் பெயர் ஜெயசீலி. இதைவிட மலிவான ஆயுதம் இந்த ஆளுக்குக் கிடைக்கவில்லையா? வாய்வரை வந்தது. சொல்லியிருப்பாள். அதற்குள் முதல் மாடி பாலாம்பாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டுக்குள் வந்துவிட்டாள்.

"எங்கே, காட்டு. அட, இது நான் வச்சது."

"நீங்களாக்கா?"

"பின்னே? வேதாசலம் சார் மேலாப்புல வச்சுட்டு நகர்ந்துட்டாரு. வண்டின்னா சக்கரத்துக்கு வைக்க வேண்டாமா? சக்கரமா இருந்தது இது ஒண்ணுதான்."

"அது சக்கரம் இல்லைக்கா."

"சுத்துதா இல்லையா?"

"சுத்துது."

"அப்புறம் என்ன?" பாலாம்பாள் துணியை வாங்கி, பொட்டைத் தானே அழுத்தித் துடைத்தாள். பிறகு ஜீவானந்தத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பொட்டை வேற இடத்துல வச்சுக்கலாம் தம்பி. சாமிக்கு இடப் பிரச்சினை கிடையாது. இந்த பில்டிங்ல மனுஷாளுக்குத்தான்."

கறை போகவில்லை. ஜெயசீலி அதன்மேல் கறுப்பு பெயின்ட் தொட்டு, காயும்வரை நின்றாள். தண்டைத் திருப்பினாள். சிவப்புப் புள்ளி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எரிந்தது, அவ்வளவுதான்.

கடைசித் துண்டை மாட்டினாள். கத்தி போனது, வந்தது, மறுபடி அதே பள்ளத்தில் இறங்கியது. பித்தளை பொடிப்பொடியாக, மஞ்சள் வெயில் மாதிரி தட்டில் உதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் மேடு கூர்மையாகிக்கொண்டு வந்தது. திரையில் எண் நகரவில்லை.

பம்ப்பின் வாயில் அந்த மூடி விரலுக்கே இதமாக இறங்கியது. கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர் கேட்டது. ரங்கன் சுவிட்சைப் போட்டார். சுவரோரக் குழாய் ஒரு தடவை விக்கியது. பிறகு மொட்டைமாடியிலிருந்து யாரோ, "வருது, வருது" என்றார்கள். கூட்டம் குடங்களைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டது. மெஷினைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை.

வேதாசலம் நாற்காலியிலிருந்து எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நல்லதும்மா. சொன்ன மாதிரி செஞ்சுட்டீங்க. மெஷின் இருக்கட்டும். பில்டிங் வேலை ஏதாவது வந்தா செஞ்சு கொடுங்க, அதுக்காகவாவது இருக்கட்டும். வில்பிரட் சார் நல்லா செட் பண்ணிக் கொடுத்திருக்காரு."

"சார்" என்றார் வில்பிரட். டிக்கெட் கவுண்டருக்கு அப்பால் நிற்பவருக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "அதோட ஸ்விட்ச் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. எல்லாம் அவங்கதான்."

வேதாசலம் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஜெயசீலி பேசினாள்.

"மூடி பொருந்தாம போயிருந்தாலும் மெஷின் இங்கதான் இருந்திருக்கும் சார்."

"அது எப்படிம்மா? நீங்களேதானே எல்லார் முன்னாடியும்..."

"சொன்னேன். கோபத்துல சொன்னேன், தப்பா சொன்னேன். என் இடத்தை நானே பந்தயத்துல வச்சேன். ஜீவானந்தம் சார் பழைய கார் கவர் போட்டு மூணு மாசமா நிக்குது. அதால பில்டிங்குக்கு என்ன பிரயோஜனம்னு யாராவது கேட்டீங்களா? வாஷிங் மெஷினைக் கேட்டீங்களா? அந்தக் கட்டிலைக் கேட்டீங்களா? நான் மட்டும் பரீட்சை எழுதிக் காட்டணும். பாஸானா, இருக்கட்டும்னு நீங்க சொல்லணும். வேண்டாம் சார், உங்க இருக்கட்டும் எனக்கு வேண்டாம். பத்திரத்துல இருக்கு."

"இப்ப எதுக்கும்மா சண்டை? அதான் பிரச்சினை முடிஞ்சுடுச்சே."

"உங்களுக்கு முடிஞ்சுடுச்சு. பில்டிங் வேலைக்கு இந்த மெஷின் இல்லை. பம்ப்புக்கு வேற ஆள் பாருங்க. நோட்டீஸை நீங்க எடுக்கலைன்னா, பத்திரத்தோட நகலைப் பக்கத்துல ஒட்டறேன்."

வேதாசலம் ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே லிஃப்ட்டைப் பார்த்து நடந்தார். "அடுத்த மீட்டிங்ல பேசிக்கலாம்" என்று காற்றுக்குச் சொல்லிவிட்டு வேதாசலமும் போனார். நாற்காலியை வில்பிரட் மடக்க முயன்று, அது மடங்காத நாற்காலி என்று கண்டுபிடித்து, ஓரமாக வைத்தார்.

ஜெயசீலி கூண்டுக்குள் போனாள். கொறிபட்ட துண்டுகளில் ஒன்றை எடுத்து மாட்டி, கெட்ட பாகத்தைக் கடைந்து தள்ளினாள். விரல் தடிமனுக்குச் சுத்தமான பித்தளை வந்தது. அதில், இந்த மெஷினால் முடிகிற மட்டும் நெருக்கமாக ஒரு மரைக்குக் கணக்குப் போட்டாள், ஒரு தலைமுடியை இடைவெளியில் வைக்கலாம், இரண்டை வைக்க முடியாது.

கீழே விட்டுப்போன குடத்தை எடுக்க இறங்கி வந்த பாலாம்பாள் வலைக்கு வெளியே நின்றாள்.

"இது எந்த பம்ப்புக்கு ஜெயசீலி?"

"எதுக்கும் இல்லைக்கா."

"சும்மாவா?"

"சும்மாதான்" என்று சொல்லி அவள் பொத்தானை அழுத்தினாள்.